வளைந்த துப்பாக்கியும் வளையும் பந்தும்

கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. 1690 செப்டம்பரில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, எல்லையை அளக்கச் சங்கிலி போடவில்லை. கோட்டையிலிருந்து பல திசைகளிலும் பீரங்கி சுடுவது, குண்டு போய் விழும் இடம் வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. கடலூர் நகரமே அந்த வட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. உள்ளே வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பேரத்தில் கணக்குக்கு வந்தது தூரம் மட்டும்தான். குண்டு நேராகப் போகுமா, வழியில் பக்கவாட்டில் ஒதுங்குமா என்பது அங்கே யாருக்கும் வழக்காகவில்லை.

அறுபது ஆண்டு கழித்து அதே கோட்டைக்கு வந்திறங்கிய ஒரு பொறியாளருக்கு அதுதான் வாழ்நாள் கேள்வியாக இருந்தது. அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். கிண்டியிலும் நந்தனத்திலும் ஊட்டியிலும் கோல்ஃப் மட்டையை வீசிவிட்டு, பந்து ஏன் இப்படி வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போய் ஒளிகிறது என்று தலையைச் சொறிகிறவர்களுக்கு, அவர்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பதில் எழுதிவைத்தவர் அவர். என்ன, அவர் கையில் இருந்தது மட்டை அல்ல, துப்பாக்கி.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காக இந்த நோயின் குணங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் டிரைவர் மட்டையை எடுத்து ஓங்கி அடிக்கிறார். பந்து புறப்பட்டு, பாதி வழியில் மனம் மாறியதுபோல் வலப்பக்கம் வளைந்துகொண்டே போனால் அது ஸ்லைஸ். வளையாமல், புறப்படும்போதே நேர்கோடாக இடப்பக்கம் போய்விட்டால் அது புல். ஒன்று வலம், ஒன்று இடம். ஆகவே இரண்டும் எதிரெதிர் நோய்கள், எதிரெதிர் மருந்து வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித் தோன்றியதால் வீணாய்ப் போன ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டும் ஒரே வீச்சின் பிள்ளைகள். மட்டை வெளியிலிருந்து உள்ளே, உடலின் குறுக்கே இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு வருகிறது. வரும் வழியைப் பார்த்தபடியே மட்டையின் முகமும் இருந்தால் புல். அந்த வழியைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் ஸ்லைஸ். இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்து விழும் மூன்றாவது வகையும் உண்டு, இரண்டும் கலந்தது. ராபின்ஸ் வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டியது அந்த மூன்றாவது வகையைத்தான்.

அவர் 1707இல் பாத் நகரத்துக் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். போரையே பாவம் என்று ஒதுக்கும் சபையில் பிறந்த பிள்ளை பீரங்கிக் கணிதத்துக்கு ஆசானாய் நின்றது ஒரு வேடிக்கை. இருபது வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1742இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகளைச் சொல்லும் நூலை வெளியிட்டார். ஊசலாகத் தொங்கும் கட்டைமேல் துப்பாக்கிக் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு பின்னால் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் கருவி அவருடையது. குண்டு அழகான பரவளையத்தில் பறக்கிறது என்ற கலிலியோ காலத்துப் பாடம் காற்றுக்கு முன்னால் நிற்காது என்று அந்தக் கருவி காட்டிக்கொடுத்தது. 1746இல் அவருக்குக் காப்லி பதக்கம் கிடைத்தது.

அந்த நாளைய துப்பாக்கிக் குழல் உள்ளே வழவழப்பானது. ஒரே துப்பாக்கியை ஒரே இடத்தில் இறுக்கிவைத்து ஒரே அளவு மருந்து போட்டுச் சுட்டாலும், ஒரு குண்டு வலமும் ஒரு குண்டு இடமுமாய்ப் போய்விழும். குழலின் சுவரில் உராய்ந்து வரும் குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது, அந்தச் சுழற்சிதான் காற்றில் அதை ஒதுக்குகிறது என்றார் ராபின்ஸ். டென்னிஸ் பந்தைச் சாய்வாக வெட்டி அடித்தால் வளைந்து போவதை 1672லேயே நியூட்டன் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார். ஆனால் கணித மேதை ஆய்லர், 1745இல் ராபின்ஸின் நூலை ஜெர்மனில் பெயர்த்து விரிவான உரை எழுதியபோது இந்த ஒரு விஷயத்தை ஏற்கவில்லை. குண்டு சரியான உருண்டையாக வார்க்கப்படாததே காரணம் என்று முடித்துவிட்டார்.

ராபின்ஸ் விடவில்லை. ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை எடுத்து இடப்பக்கமாக மூன்று நான்கு பாகை வளைத்தார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இடப்பக்கம் வளைந்த குழலிலிருந்து வரும் குண்டு இடப்பக்கம் போகும், அவ்வளவுதானே. இல்லை, முதலில் இடம் போகும், பிறகு வலம் திரும்பும் என்று முன்கூட்டியே சொன்னார் அவர். வளைவில் திரும்பும் குண்டு குழலின் வலப்பக்கச் சுவரை அழுத்திக்கொண்டுதான் வரும். அழுந்திய பக்கம் தேங்கும், மறுபக்கம் முந்தும், ஆகக் குண்டு வலப்பக்கமாய்ச் சுற்றிக்கொண்டே வெளிவரும். இதைச் சோதிக்க, குழலின் வாய்க்கு முன்னால் சற்றுச் சற்றுத் தொலைவில் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டார். கடைசியில் ஒரு சுவர். குண்டு கிட்டத்துத் திரைகளில் இடப்பக்கம் ஓட்டை போட்டது, தூரத்துச் சுவரில் வலப்பக்கம் போய்ப் பதிந்தது.

இந்தச் சோதனையின் சாமர்த்தியம் காகிதத்தில் இருக்கிறது. சுவரை மட்டும் பார்த்திருந்தால் குண்டு வலம் போனது என்பதோடு கதை முடிந்திருக்கும். எங்கே கிளம்பியது, எங்கே திரும்பியது என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வைத்தவை அந்தத் திரைகள். கிளம்பும் திசை ஒரு காரணத்தால், வளைவு இன்னொரு காரணத்தால். இதே இரட்டைக் கணக்கைக் கோல்ஃப் உலகம் சரியாகப் பிடிக்க ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

மருந்தும் அவரே சொன்னார். குழலுக்குள் புரிபோல் வரி வெட்டிவிட்டால் குண்டு தான் பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு சுற்றும், பக்கவாட்டு ஒதுக்கம் போய்விடும் என்று 1747இல் ராயல் சொசைட்டியில் எழுதி வைத்தார். கவனிக்க வேண்டியது, அவர் சுழற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அச்சைச் சரியான பக்கம் திருப்பச் சொன்னார்.

இதற்குள் சோழமண்டலக் கரையில் நிலைமை தலைகீழாகியிருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். சமாதான உடன்படிக்கையில் அது 1749இல்தான் திரும்பக் கிடைத்தது. கோட்டைகளைச் சீர்செய்ய ஒரு தேர்ந்த பொறியாளர் வேண்டும் என்று கம்பெனி தேடியது. ராபின்ஸ் தலைமைப் பொறியாளராக ஒப்புக்கொண்டு 1749 கிறிஸ்துமஸ் சமயத்தில் கப்பலேறி, 1750 ஜூலையில் தேவனாம்பட்டினத்துக்கு வந்துசேர்ந்தார். அந்தக் கரையெங்கும் அப்போது ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கோட்டை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், வடக்கே பழவேற்காட்டில் 1613இல் எழும்பிய கெல்ட்ரியா கோட்டையில் டச்சுக்காரர்கள்.

பழவேற்காட்டை இந்தக் கதையில் தாண்டிப் போக மனம் வரவில்லை. டச்சுக்காரர்கள் அங்கே வெடிமருந்து ஆலை வைத்திருந்தார்கள், ஏரிக்கரையில் அரைத்த மருந்து படேவியா வரைக்கும் கப்பலில் போனது.   இன்னொன்றும் உண்டு. அந்த டச்சு வணிகர்கள் விட்டுவந்த ஊரில், உறைந்த ஆற்றின்மேல் கோலால் பந்தடிக்கும் ஆட்டம் ஒன்று பிரபலம். ஹென்ட்ரிக் அவர்காம்ப் என்ற ஓவியர், கெல்ட்ரியா கோட்டை எழும்பிய அதே காலத்தில், பனிப்பரப்பும் அந்த ஆட்டக்காரர்களுமாய்ப் படம் படமாக வரைந்து தள்ளியிருக்கிறார். கோல்ஃபின் மூதாதை அதுதானா, ஸ்காட்லாந்தில் தனியாகப் பிறந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பழவேற்காட்டு ஏரி உறையப்போவதில்லை என்பதால் அந்தச் சண்டையில் நமக்குப் பங்கில்லை.

ராபின்ஸுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. வந்த இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல். தேறி எழுந்து தேவனாம்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கோட்டைத் திட்டங்கள் வகுத்தார். 1751 ஜூலை 29 அன்று தேவனாம்பட்டினத்தில் இறந்தார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த பேனா கையில் இருந்தபடியே உயிர் போனது என்று சொல்வார்கள். வயது 44. சில வாரங்களில் கிளைவ் ஆற்காட்டுக்குப் புறப்பட்டுப் போனார், வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் அவருக்குத்தான் இடம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை பிடித்து இடித்துப் போட்டது. கெடிலம் ஆறு கடலில் கலக்கும் பக்கம் போனால் மிச்சத்தைப் பார்க்கலாம்.

கண்டுபிடிப்பின் பெயரும் ராபின்ஸுக்குத் தங்கவில்லை. நூறாண்டு கழித்து, 1852இல் பெர்லினில் ஹைன்ரிக் மாக்னஸ் அதே விஷயத்தை ஆராய்ந்தார். இன்று அது மாக்னஸ் விளைவு. கிரிக்கெட்டில் அஸ்வினின் ஆஃப் ஸ்பின் காற்றிலேயே வலக்கை மட்டையாளரைவிட்டு விலகி மிதந்து, தரையில் பட்டு உள்ளே திரும்புவதற்கு முதல் பாதிக் காரணம் அதுதான். சேப்பாக்கத்து வர்ணனையாளர்கள் ராபின்ஸ் பெயரைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சொன்னதில்லை.

கோல்ஃபில் இந்த அறிவு நுழைந்த வழி பந்தின் வழி. பழைய பந்து தோலுக்குள் இறகு திணித்தது. விலையும் அதிகம், மழையில் ஊறிப் போகும். 1843இல் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி, மலாய்க் காட்டு மரத்தின் கட்டாபெர்ச்சா பாலை லண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். ஐந்தாண்டுக்குள் அதில் கோல்ஃப் பந்து வந்துவிட்டது. கிழக்கிலிருந்து வந்த ஒரு விஷ்ணு சிலையைப் பொதிந்திருந்த கட்டாபெர்ச்சாவை உருட்டித்தான் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் முதல் பந்து பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. கோல்ஃப்காரர்கள் அதைக் கைவிடுவதாக இல்லை. வழவழவென்று வார்த்த புதுப் பந்து சரியாகப் பறக்காமல் தொப்பென்று விழுந்தது. அடிபட்டுத் தழும்பேறிய பந்து நன்றாகப் பறந்தது. பிறகு சுத்தியலால் கொத்தியே விற்றார்கள். அந்தக் கொத்தல்தான் இன்றைய பந்தின் முந்நூற்றுச் சொச்சம் குழிகளுக்கு முன்னோடி. பந்து நெடுந்தூரம் பறக்கக் குழி வேண்டும். அதே குழி சுழற்சிக்குக் காற்றில் பிடிமானமும் கொடுக்கும். அடி சரியென்றால் தூரம், தப்பென்றால் ஸ்லைஸ்.

எடின்பரோ இயற்பியல் பேராசிரியர் பி. ஜி. டெய்ட் 1890களில் பந்தில் நீண்ட நாடாவைக் கட்டி அடிக்கவைத்து, நாடா எத்தனை முறுக்கு ஏறியது என்று எண்ணிச் சுழற்சியை அளந்தார். நன்றாக அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றபடியே மேலெழுகிறது, அந்தச் சுழற்சிதான் அதைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது என்று நிறுவினார். சுழற்சியே கெட்ட அடியின் அடையாளம் என்று நம்பியிருந்த ஆட்டக்காரர்களுக்கு அது கசப்பான செய்தி. அவருடைய மகன் ஃப்ரெடி டெய்ட் 1896, 1898 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர். எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் 1910இல் லண்டனில் பந்தின் இந்தப் பறத்தலைப் பற்றி ஓர் உரையே நிகழ்த்தினார். பந்துக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைக் காந்தத்தால் வளைத்து, ஸ்லைஸ் எப்படி வளைகிறது என்று அரங்கத்துக்குக் காட்டினார்.

ஆக 1910க்குள் வளைவின் கணக்கு முடிந்துவிட்டது. ஸ்லைஸ் என்பது தனியாக ஒரு சுழற்சி இல்லை. எல்லா அடியிலும் இருக்கும் பின்சுழற்சியின் அச்சு ஒருபக்கம் சாய்ந்துவிடுவதுதான் அது. மீதமிருந்தது, பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்ற எளிய கேள்வி. அதில்தான் அத்தனை பேரும் வழுக்கி விழுந்தார்கள்.

மட்டை வரும் வழியில் பந்து கிளம்பும், மட்டை முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்பது தலைமுறை தலைமுறையாகப் பயிற்சியாளர்கள் சொல்லித்தந்த பாடம். கேட்க நியாயமாக இருக்கிறது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதை யார் கண்ணால் பார்த்தது? உண்மையில் பந்து கிளம்பும் திசையைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது முகம். முகத்துக்கும் வழிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் வளைவைத் தீர்மானிக்கிறது. 1968இல் அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வை நூலாக்கியபோதே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பயிற்சித் திடல்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தப்பான பாடத்தின் விளைவைப் பாருங்கள். ஒருவருடைய பந்து இலக்கை நோக்கிக் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது. பழைய பாடப்படி, இலக்கை நோக்கிக் கிளம்பியதால் வழி சரி, முகம்தான் திறந்திருக்கிறது. ஆகவே முகத்தை மூடு என்பார் குரு. உண்மை நேர்மாறு. முகம் இலக்கைப் பார்க்கிறது, வழிதான் இடப்பக்கம் போகிறது. இப்போது முகத்தையும் இடப்பக்கம் மூடினால் இரண்டும் ஒத்துப்போய், பந்து நேராக இடப்பக்கக் காட்டுக்குள் போகும். ஸ்லைஸைத் திருத்தப் போனவர் புல்லைப் பிடித்துக்கொண்டு வருவார். பயந்து முகத்தைத் திறந்தால் மறுபடி ஸ்லைஸ். குருவை நம்பாமல் தானே வைத்தியம் பார்ப்பவர் கதை இன்னும் மோசம். பந்து வலம் போகிறதே என்று இடப்பக்கம் குறிவைத்து நிற்பார். மட்டை இன்னும் இடப்பக்கமாக இழுக்கும், வித்தியாசம் கூடும், வளைவும் கூடும்.

ஆட்டம் இந்தியாவுக்கு வந்தபோது இந்தக் குழப்பமும் கப்பலேறி வந்தது. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கியது, பிரிட்டனுக்கு வெளியே அதற்கு மூத்தது இல்லை. பெங்களூருக்கு 1876இல், கொடைக்கானலுக்கு 1895இல் கிளப் வந்தது. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் பந்து வளைந்து போய் விழக் காத்திருப்பது, பிரிட்டனிலிருந்து கொண்டுவந்து நட்ட கார்ஸ் முட்புதர். சென்னையில் 1884இல் பிறந்த ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடல் கிண்டியில் குதிரைப் பந்தய வட்டத்துக்குள்ளேயே அமைந்தது. 2024 செப்டம்பரில் பந்தயத் திடலின் குத்தகையை அரசு ரத்து செய்ததும் அந்த நிலத்தின் கதை நீதிமன்றப் படியேறிவிட்டது.

இந்தியத் திடல்களில் துரைமார் கூட இரண்டு ஆட்கள் போவது வழக்கம். பையைத் தூக்கும் கேடி பின்னால் நிற்பான். 'ஆகேவாலா' முன்னால் ஓடிப்போய்ப் பந்து விழும் இடத்தைப் பார்த்து வைப்பான். துரை தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் பந்து பாதி தூரம் போயிருக்கும். அவருக்குத் தெரிவது விழுந்த இடம் மட்டுமே. எங்கே கிளம்பியது என்று தினமும் நூறு தடவை பார்த்தவர் பின்னால் நின்ற கேடி. உடைந்த மட்டையையும் இரவல் மட்டையையும் வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தொடாமலே, அந்தக் கூட்டத்திலிருந்து வாகையர்கள் வந்தார்கள். டெல்லி கேடி அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார், 1993இல் மறுபடியும். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் வென்றார். ராயல் கல்கத்தா திடலின் புல் பராமரிப்பாளர் மகன் எஸ்.எஸ்.பி. சவுராசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து வென்றார். தப்பான பாடம் படிக்காதது இவர்களுக்கு லாபமாய் முடிந்திருக்கலாம் என்று சொன்னால் பயிற்சியாளர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பழைய ஹிக்கரி மரத் தண்டின் காலத்தில் தண்டே முறுக்கிக்கொள்ளும். எஃகுத் தண்டை 1929இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் விதி வகுப்பவர்கள் ஏற்றுக்கொண்டதும் அந்தச் சாக்குப் போக்கு போனது. பிறகும் எழுபது ஆண்டு பழைய பாடமே ஓடியது. 2003இல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் நிறுவனம் ஏவுகணையைத் தொடரும் ரேடாரைப் பந்தின் பின்னால் வைத்தது. மட்டையின் வழி, முகம், பந்து கிளம்பிய திசை, சுழல் அச்சின் சாய்வு எல்லாம் திரையில் எண்களாய் வந்து நின்றன. டிரைவர் அடியில் கிளம்பும் திசையில் ஏறத்தாழ 85 சதவீதம் முகத்தின் வேலை என்று தெரிந்ததும் பயிற்சி நூல்கள் திருத்தி எழுதப்பட்டன. ராபின்ஸின் காகிதத் திரை செய்த வேலையை ஒருவழியாக ஒரு பெட்டி செய்தது.

வைத்தியத்தின் வரிசையும் மாறிவிட்டது. பந்து எங்கே விழுந்தது என்று இப்போது முதலில் கேட்பதில்லை, எங்கே கிளம்பியது என்று கேட்கிறார்கள். இடப்பக்கம் கிளம்பினால் முகம் இடம். அதன்பின் வலம் வளைந்தால் வழி அதைவிட இடம். முதலில் பிடி. இடக்கையைச் சற்று வலப்பக்கம் திருப்பி, மேலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று கணுக்கள் தெரியும்படி பிடிக்கவைப்பார்கள். அடுத்தது வழி. மேலே போன மட்டை இறங்கத் தொடங்கும்போது வலத் தோள் முந்திக்கொண்டு வெளியே பாய்வதுதான் குறுக்கு வீச்சின் வேர். பந்துக்கு வெளிப்பக்கம், சற்றுப் பின்னால், மட்டை உறையைத் தரையில் போட்டுவிட்டு, அதைத் தட்டாமல் அடி என்பார்கள். தட்டாமல் அடிக்க வேண்டுமென்றால் மட்டை உள்ளிருந்துதான் வந்தாக வேண்டும். பிடியை மட்டும் மாற்றி வழியை விட்டால் புல், வழியை மட்டும் மாற்றிப் பிடியை விட்டால் பந்து வலப்பக்கமே கிளம்பும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது, சலிப்பும் அங்கேதான் வருகிறது.

அந்தச் சலிப்பை நம்பி ஒரு வியாபாரமும் நடந்தது. 1970களில் கலிஃபோர்னியாவில் ஃப்ரெட் ஹோம்ஸ்ட்ரம் என்ற இயற்பியல் பேராசிரியரும் டேனியல் நெபேலா என்ற வேதியியலாளரும் ஆட்டக்காரரை விட்டுவிட்டுப் பந்தைத் திருத்தினார்கள். நடுப்பட்டையில் ஒரு மாதிரிக் குழி, இரு துருவங்களில் வேறு மாதிரிக் குழி. சுழல் அச்சு சாயப் பார்த்தால் பந்து தானே நிமிர்ந்துகொள்ளும். போலாரா என்று பெயர். அமெரிக்க கோல்ஃப் சங்கம் பதறிப்போய், பந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பறக்க வேண்டும் என்று 1981இல் புது விதியே எழுதியது. வழக்கு நடந்து, 1985இல் சங்கம் பதினான்கு லட்சம் டாலர் அளவில் கொடுத்துச் சமாதானமானது. விதி மட்டும் அப்படியே நின்றது. பந்து இன்றும் விற்கிறது. போட்டியில் அதைக் கொண்டுபோக முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடுகிறவரின் பையை யாரும் திறந்து பார்ப்பதில்லை.